ஆடிப் பார்த்தவர் கருத்து

பேரா மாநிலத்தின் தென்பகுதியில், பீடோருக்கும் சிலிம் ரிவருக்கும் இடையில் உள்ள சிறிய நகரம் சுங்காய். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் விரைந்து செல்லும் வாகனமோட்டிகள் பலருக்கு அது ஒரு பெயர்ப்பலகை மட்டுமே. ஊரைச் சுற்றி ஒரு காலத்தில் பால்மரங்கள் நின்றன; இன்று பெரும்பாலும் செம்பனை நிற்கிறது. தோட்டத்து லயங்களில் வாழ்ந்த குடும்பங்கள் பல, நகரத்தை ஒட்டிய குடியிருப்புகளுக்கு மாறிவிட்டன. மாலையில் ஒட்டுக்கடை மேசையைச் சுற்றி அமரும் இடைநிலைப்பள்ளி மாணவர்களின் கையில் திறன்பேசி இருக்கிறது. பேச்சு, புதிதாக வந்த ஒரு விளையாட்டைப் பற்றியது. "செம" என்கிறான் ஒருவன். "மொக்கை" என்கிறான் மற்றொருவன். ஏன் என்று மூன்றாமவன் கேட்டால், "நீயே விளையாடிப் பாரேன்" என்று இருவரும் ஒரே குரலில் சொல்லிவிட்டுத் தே தாரிக்கை உறிஞ்சுகிறார்கள். உரையாடல் அத்துடன் முடிந்துவிடுகிறது.

இதை வெட்டிப் பேச்சு என்று ஒதுக்கும் பெரியவர்கள் உண்டு. அது சரியன்று. ஒரு பொருளைப் பற்றிச் சட்டென்று ஒரு கருத்துத் தோன்றுவது, அந்தப் பொருள் மனத்தைத் தொட்டிருக்கிறது என்பதற்கு அடையாளம். போகிற போக்கில் சொன்னதால் ஒரு கருத்துக் குறைந்துபோவதில்லை. காரணம் சொல்ல வேண்டிய இடத்தில் நின்றுவிடுவதால்தான் குறைந்துபோகிறது. மேலும், "இதெல்லாம் நேரத்தைத் தின்னும் பிசாசு" என்று பெரியவர்கள் சொல்வதும் அதே வகைக் கருத்துதான். அப்படிச் சொல்லும் அப்பாக்கள் பலர், நோக்கியா கைப்பேசியில் 1997 முதல் வரத் தொடங்கிய பாம்பு விளையாட்டில் தங்கள் கட்டைவிரலைத் தேய்த்தவர்கள் என்பதைப் பிள்ளைகளிடம் சொல்வதில்லை.

ஆடிப் பார்க்காமல் சொன்ன கருத்து ஒன்று உலகப் புகழ் பெற்ற கதையும் உண்டு. அமெரிக்காவின் பெயர்பெற்ற திரைப்பட விமர்சகர் ரோஜர் ஈபர்ட், காணொளி விளையாட்டு ஒருநாளும் கலையாக முடியாது என்று 2010ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் எழுதினார். ஆயிரக்கணக்கான வாசகர்கள் மறுத்து எழுதினார்கள். அவ்வாண்டு ஜூலையில் அவர் மீண்டும் எழுதினார். பார்க்காத படத்தைப் பற்றித் தாம் ஒருபோதும் கருத்துச் சொன்னதில்லை என்றும், ஆனால் போதிய அனுபவம் இல்லாமலேயே விளையாட்டுகளைப் பற்றித் தீர்ப்புச் சொல்லிவிட்டதாகவும் அதில் ஒப்புக்கொண்டார். தம் கொள்கையை அவர் முழுவதும் கைவிட்டுவிடவில்லை. ஆனால், தம்முடைய தொழிலின் முதல் விதியைத் தாமே மீறியதைப் பலர் அறிய எழுதினார். விமர்சகர்களிடம் இந்தப் பண்பு அடிக்கடி காணக் கிடைப்பதன்று.

தமிழில் விமர்சனத்துக்குப் பஞ்சம் இருந்ததில்லை. 1930களில் ஆனந்த விகடன் இதழில் கல்கி, 'கர்நாடகம்' என்னும் புனைபெயரில் ஆடல் பாடல்களைப் பற்றி எழுதியவற்றைச் சங்கீதம் தெரியாதவர்களும் விரும்பிப் படித்தார்கள். பாடகர் எந்த இடத்தில் சறுக்கினார், சபை எந்த இடத்தில் மயங்கியது என்று அவர் நகைச்சுவையோடு சொன்னதே அதற்குக் காரணம். திரைப்படத்தையும் படித்தவர்கள் தொடக்கத்தில் மதிக்கவில்லை. பின்னர் அதே விகடன் படங்களுக்கு மதிப்பெண் போடும் அளவுக்கு வந்தது. 1977இல் வெளிவந்த 'பதினாறு வயதினிலே' அந்த இதழிடம் அறுபதுக்கு மேல் மதிப்பெண் பெற்றதை இன்றும் நினைவில் வைத்திருப்பவர்கள் உண்டு. ஆயினும் மதிப்பெண்ணில் ஒரு தந்திரம் இருக்கிறது. எண்ணைக் கண்டதும் காரணத்தைப் படிக்க மனம் மறந்துவிடுகிறது. தேர்வு முடிவுத்தாளைக் கையில் வாங்கிய எந்த மாணவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

நாடகத்துக்கும் இசைக்கும் திரைப்படத்துக்கும் காரணம் சொல்லும் மொழி தமிழில் உருவாகிவிட்டது. விளையாட்டுக்கு அத்தகைய மொழி இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. அது திண்ணையில் இருக்கிறது.

தாயம் ஆடும் பாட்டிகளின் பேச்சைக் கவனித்தால் இது விளங்கும். தாயம் விழாமல் காய் களத்தில் இறங்காது. எதிரியின் காயை வெட்டினால் இன்னொரு முறை உருட்டலாம். சுற்றி வந்து கரையேறிய காய் 'பழம்'. ஒரு காயையாவது வெட்டியவர்தாம் உள்சுற்றுக்குள் நுழையலாம் என்பது பல ஊர்களில் வழங்கும் விதி. இந்த ஒரு விதி இல்லையென்றால், ஆளுக்கொரு பக்கம் காயை ஓட்டிக்கொண்டு, எதிரியைச் சந்திக்காமலேயே ஆட்டத்தை முடித்துவிடலாம். விதியோ, 'போய் மோது' என்று தள்ளுகிறது. "பழமாகப் போகிற அவசரத்தில் வெட்ட வேண்டிய காயை விட்டுட்டே" என்று ஒரு பாட்டி பேரனிடம் சொல்லும்போது, ஆட்டத்தின் அமைப்பையும் ஆடியவரின் பிழையையும் ஒரே வாக்கியத்தில் எடை போட்டுவிடுகிறார். இதற்குத்தான் விமர்சனம் என்று பெயர்.

பல்லாங்குழியும் அப்படித்தான். பக்கத்துக்கு ஏழு குழி, மொத்தம் பதினான்கு. தோட்டப்புறத்துப் பிள்ளைகளுக்குச் சோழியோ புளியங்கொட்டையோ கிடைக்காத நாளில் ரப்பர் கொட்டையே காயாக உதவியது. பலகை இல்லையென்றால் மண்ணில் குழி தோண்டிக்கொள்ளலாம். வெறுங்குழியில் ஒவ்வொன்றாகக் காய் விழுந்து நான்கு சேர்ந்தால் அது 'பசு'. அந்தக் குழிக்கு உரியவர் எடுத்துக்கொள்ளலாம். பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பிள்ளைகள் ஆடும் சொங்காக் பார்வைக்கு அதன் உடன்பிறப்பு. ஆனால், சொங்காக் பலகையின் இரு முனைகளிலும் பெரிய குழி ஒன்று உண்டு. அது ஆடுபவரின் 'வீடு'. கடைசிக் காய் தம் வீட்டில் விழுந்தால் மறுபடியும் ஆடலாம்.

குழியும் காயும் ஒன்றுபோல் இருந்தும் இரண்டும் மனத்தை வெவ்வேறு விதமாக வேலை வாங்குகின்றன. சொங்காக்கில் முன்கூட்டியே எண்ண வேண்டும். எந்தக் குழியிலிருந்து எடுத்தால் கடைசிக் காய் வீட்டுக்கு வரும் என்ற கணக்குத்தான் ஆட்டத்தின் உயிர். பல்லாங்குழியிலோ எதிரி ஆடும்போதும் கண்ணைத் திருப்ப முடியாது. அவர் கையால் போடும் காயே இவருடைய குழியில் பசுவாகலாம். பார்க்கத் தவறினால் அது கைவிட்டுப் போகும். தன் முறை வரும்வரை திறன்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பவர் பல்லாங்குழியில் வெல்ல மாட்டார். 'இது செம, அது மொக்கை' என்று இவ்விரண்டையும் ஒப்பிட முயன்றால் எதுவும் பிடிபடாது. விதி ஆடுபவரை என்ன செய்ய வைக்கிறது என்று கேட்டால் எல்லாம் பிடிபடும்.

இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு இன்றைய திரைக்கு வரலாம். பெரிய விளையாட்டு ஒன்றுக்குள் பொதிந்து வைக்கப்படும் சிறு ஆட்டத்தைக் குறுவிளையாட்டு எனலாம். கதாநாயகன் அரக்கனைத் தேடிப் போகும் வழியில் மீன் பிடிப்பான், சீட்டாடுவான், சமைப்பான். இவை வெறும் இடைவேளைத் தின்பண்டம் என்று நினைப்போர் உள்ளனர். உண்மையில் ஒரு குறுவிளையாட்டு அப்படித்தான் புகழ்பெற்றது. ஜப்பானின் நாம்கோ நிறுவனம் 1994இல் வெளியிட்ட 'ரிட்ஜ் ரேசர்' என்னும் கார்ப் பந்தய விளையாட்டு, வட்டிலிருந்து ஏறி முடிக்கும்வரை 'கேலக்சியன்' என்னும் பழைய விளையாட்டை ஆடக் கொடுத்தது. அந்த உத்திக்கு நாம்கோ பெற்ற அமெரிக்கக் காப்புரிமை 2015இல்தான் காலாவதியானது. அதுவரை ஒரு தலைமுறையே மெல்ல நகரும் கோட்டைப் பார்த்துக் கொட்டாவி விட்டது. அதே 2015இல் போலந்து நாட்டிலிருந்து வந்த 'விட்சர் 3' விளையாட்டில், விடுதிகளில் ஆடும் 'குவெண்ட்' என்ற சீட்டாட்டம் ஒன்று இருந்தது. உலகைக் காக்க வேண்டிய வீரனை நிறுத்திவைத்துவிட்டு, ஆடியவர்கள் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். 2018இல் அந்தச் சீட்டாட்டமே தனி விளையாட்டாக வெளிவந்தது. தின்பண்டம் விருந்தாகிவிட்டது.

குறுவிளையாட்டுகளைப் பற்றிச் சுங்காய் மாணவர்கள் பேச வேண்டுமென்றால் மிக நெருக்கமான எடுத்துக்காட்டு, கனடாவின் டொராண்டோ நகரில் உள்ள விசை கேம்ஸ் நிறுவனம் 2023ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள் வெளியிட்ட 'வெண்பா'. தமிழ்நாட்டிலிருந்து 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா, அவர் கணவர் பாவலன், அங்கே பிறந்து வளரும் மகன் கவின் ஆகியோரின் கதை அது. வெண்பாவிடம் அவருடைய அம்மாவின் சமையல் குறிப்பேடு இருக்கிறது. அது சிதைந்துபோன ஏடு. சில படிகள் அழிந்துவிட்டன. அழிந்ததை ஊகித்துச் சமைத்து முடிப்பதே ஆடுபவரின் வேலை. முதலில் இட்லி, பிறகு புட்டு, பிரியாணி என்று கதை நகர்கிறது. 2024இல் இவ்விளையாட்டு, பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக விளையாட்டாகத் தேர்வு பெற்றது. அதே ஆண்டு சுயாதீன விளையாட்டுகளுக்கான ஐ.ஜி.எஃப். விழாவின் முதன்மைப் பரிசையும் வென்றது.

சமையல் விளையாட்டுகள் உலகில் புதியவை அல்ல. 2006இல் வந்த 'குக்கிங் மாமா' சமையலுக்குப் பதக்கம் கொடுத்தது. 2016இல் வந்த 'ஓவர்குக்ட்' கடிகாரத்தை ஓடவிட்டு, சமையலறையில் நண்பர்களைச் சண்டையிட வைத்தது. 'வெண்பா'வில் பதக்கமும் இல்லை, கடிகாரமும் இல்லை. புட்டுக் குழலில் மாவையும் தேங்காய்த் துருவலையும் அடுக்கும்போது பிழை நேர்ந்தால், மறுபடியும் செய்யலாம். இதனால் ஆட்டத்தில் விறுவிறுப்பு இல்லை என்று குறை சொல்பவர் உண்டு. ஆனால், விதி இங்கே ஆடுபவரை என்ன செய்ய வைக்கிறது என்று பார்க்க வேண்டும். அம்மாவின் கையெழுத்தில் ஒரு சொல் அழிந்திருக்கிறது. அந்தச் சொல் என்னவாக இருக்கும் என்று அடுப்பின்முன் நின்று யோசிக்க வைக்கிறது. தொலைபேசியில் ஊருக்கு அழைத்துக் கேட்பது எளிதாக இல்லாத காலத்தில் குடிபெயர்ந்த ஒரு பெண்ணின் தனிமையை, பக்கம் பக்கமாக வசனம் எழுதாமல் அந்த அழிந்த சொல் உணர்த்திவிடுகிறது. கடிகாரம் ஓடியிருந்தால் அந்த உணர்வு வந்திருக்காது.

இன்னொரு நுட்பமும் உண்டு. புட்டு அவிப்பதைப் பார்த்தறியாத ஒருவருக்கு அது புதிர். விடியற்காலையில் அம்மா குழலைத் தட்டிப் புட்டைத் தள்ளும் ஓசையோடு கண்விழித்த ஒரு மாணவிக்கு அது புதிரே அன்று. அரை நிமிடத்தில் முடித்துவிடுவாள். அவளுக்கு விளையாட்டு மிக எளிது, ஆகவே 'மொக்கை' என்று தோன்றலாம். தோன்றுவது நியாயமே. ஆனால் ஏன் எளிதாக இருந்தது என்று அவள் ஒரு கணம் கேட்டுப் பார்த்தால், தனக்குத் தெரியும் என்று தானே அறியாத ஒன்றைத் தன் கை அறிந்திருப்பதைக் கண்டுகொள்வாள்.

பின்னால் ஒரு கட்டத்தில் ஆட்டம் மகன் கைக்கு மாறுகிறது. கவினுக்குத் தமிழ் தட்டுத்தடுமாறித்தான் வரும். அவன் அந்தக் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு சமைக்க முயல்கிறான். அதே அடுப்பு, அதே வகைக் குறுவிளையாட்டு. முன்பு அழிந்த எழுத்து தடையாக இருந்தது. இப்போது எழுத்து இருந்தும் படிக்கத் தெரியாமை தடையாகிவிட்டது. 'மொழியை இழக்காதீர்' என்று யாரும் மேடை ஏறிப் பேசவில்லை. ஆடுபவரின் விரல்தான் பதில் தெரியாமல் திரையின்மேல் நிற்கிறது. மலேசியத் தமிழ்க் குடும்பங்களில் இந்தக் காட்சியைப் பார்த்து, நமக்கென்ன என்று இருந்துவிடக் கூடியவர்கள் மிகச் சிலரே இருப்பார்கள்.

'வெண்பா'வில் குறை இல்லாமல் இல்லை. ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் அது முடிந்துவிடுகிறது. கொடுத்த பணத்துக்கு இவ்வளவுதானா என்று கேட்பதை அற்பம் என்று தள்ளிவிட முடியாது. வாரம் முழுதும் சேமித்த பணத்தில் வாங்கும் மாணவருக்கு விலையும் ஒரு காரணமே. ஆனால் நீளம் குறைவு என்பதைவிடக் கூர்மையான குறை ஒன்று உண்டு. கதை ஆண்டுகளைத் தாவித் தாவிச் செல்வதால், கவின் ஏன் விலகிப் போனான் என்பதை ஆடுபவர் அறிகிறாரே தவிர, வாழ்ந்து பார்ப்பதில்லை. சமைக்கும்போது கை பங்கேற்கிறது. அவன் விலகும்போது கண் மட்டுமே பார்க்கிறது. தன்னை ஆடும்படி கேட்ட ஒரு விளையாட்டு, மிக முக்கியமான இடத்தில் வேடிக்கை பார்க்கச் சொல்லிவிடுகிறது. இப்படிச் சொல்வதால் விளையாட்டின் பெருமை குறைந்துவிடாது. விருது வாங்கியதைப் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் தமிழர்கள், அது தமிழ் விளையாட்டு என்பதற்காகவே இந்தக் குறையை மறைக்கத் தேவையில்லை.

மலேசியாவிலும் விளையாட்டுகள் உருவாகின்றன. கோலாலம்பூரின் மெட்ரோனோமிக் நிறுவனம் 2020இல் 'நோ ஸ்ட்ரெய்ட் ரோட்ஸ்' என்னும் இசை விளையாட்டை உலகுக்குத் தந்தது. 2025இல் உப்பின் இப்பின் உலகம் விளையாட்டாக வந்தபோது, கம்போங் டுரியான் ருந்தோவில் என்ன செய்யலாம், ராஜுவோடு எப்படிப் பழகலாம் என்ற பேச்சைவிட அதன் விலையைப் பற்றிய பேச்சே எங்கும் ஒலித்தது. வாங்காதவர்களும் ஆடாதவர்களும் அதில் கலந்துகொண்டார்கள். ஈபர்ட் மட்டும் அந்தப் பிழையைச் செய்தவர் அல்லர்.

2024இல் ரியாத் நகரில் நடந்த மொபைல் லெஜண்ட்ஸ் அனைத்துலகப் போட்டியில் மலேசியாவின் சிலாங்கூர் ரெட் ஜயண்ட்ஸ் அணி வாகை சூடியது. இத்தகைய போட்டிகளின் நேர்முக வருணனையாளர்கள், எந்த நகர்வில் ஆட்டம் கைமாறியது, எவர் எங்கே பொறுமை இழந்தார் என்று மூச்சுவிடாமல் காரணம் சொல்கிறார்கள். சுங்காய் மாணவர்கள் அதை மலாயிலும் ஆங்கிலத்திலும் கேட்டுப் புரிந்துகொள்கிறார்கள்; அதே மொழிகளில் திருப்பிச் சொல்லவும் அவர்களால் முடியும். தமிழுக்கு வரும்போது மட்டும் 'செம', 'மொக்கை' என்ற இரண்டு சொற்களோடு கடை அடைக்கப்படுகிறது. காரணங்கள் எல்லாம் வேறு மொழிகளுக்குக் குடிபெயர்ந்துவிட்டால், தமிழில் எஞ்சுவது வியப்பும் சலிப்பும்தான். அழிந்துபோன குறிப்பேட்டில் தலைப்பு மட்டும் மிஞ்சியது போன்ற நிலை அது.

அந்த ஒட்டுக்கடை மேசையில் அமர்ந்த மாணவர்களுள் ஒருவன் வீட்டுக்குப் போய், 'வெண்பா'வைப் பாட்டியிடம் காட்டுவதாக வைத்துக்கொள்ளலாம். பாட்டி மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரையில் தெரியும் குழலைப் பார்ப்பார். அவன் மாவை அள்ளிப் போடுவான்.

"தேங்காயை முதல்ல போடாம மாவைப் போட்டா அடியில ஒட்டிக்கும்டா. இந்த விளையாட்டைச் செஞ்ச பையனுக்கு அது தெரியுமா?"

"தெரியும் பாட்டி. அதுதான் புதிரே."

"அப்படின்னா சமைக்கத் தெரிஞ்சவன்தான் செஞ்சிருக்கான். ஆனா தண்ணி தெளிச்சுப் பிசையற பதம் இதுல எங்கே இருக்கு? கையில பிடிச்சா பிடிக்கணும், விட்டா உதிரணும். அது இல்லாம என்ன புட்டு?"

அவன் திரையைப் பார்த்தான். பதம் அதில் இல்லை.